வலப்பக்கம் திரும்பத் திணறும் குதிரை: முதலில் எங்கே பார்ப்பது?

கேள்வி: என்னிடம் ஆறு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. சுமார் 400 கிலோ எடை. இடப்பக்கம் வட்டமடிக்கும்போது நன்றாக வளைகிறது. வலப்பக்கம் போனால் தலையை வெளியே திருப்பிக்கொண்டு வட்டத்தின் உட்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. வலது கடிவாள வாரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. ட்ராட் ஓட்டத்தில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட சீரான ஓட்டம்) சில நேரம் கால் இடறுகிறது. கடுமையான கடிவாளம் மாட்டலாமா?

பதில்: கடிவாளத்தை மாற்ற வேண்டாம். உங்கள் குதிரைக்கு வாயில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது வலது முன்தோளின் மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் வலது வாரை இழுக்கும்போது கழுத்துதான் திரும்பும், தோளில் இருக்கும் பாரம் அங்கேயே இருக்கும்.

நமக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் இருப்பதுபோல் குதிரைக்கும் ஒரு பக்கம் இலகு, மறுபக்கம் இறுக்கம். இது பிறவியிலேயே வருவது. சும்மா நிற்கும்போதே குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. அதற்கு நமக்கு இருப்பது போன்ற காறை எலும்பும் கிடையாது. இரண்டு முன்கால்களுக்கும் நடுவே தசைகள்தான் மார்புக்கூட்டைத் தொட்டில் மாதிரித் தாங்குகின்றன. அந்தத் தசை ஒரு பக்கம் தளர்ந்தால் உடல் அந்தப் பக்கம் இறங்கும். நாமும் மேலே ஏறி உட்கார்ந்தால் கோணல் இன்னும் கூடும். பயிற்சி என்பது இந்தத் தொட்டிலை இருபுறமும் சமமாக வலுப்படுத்தி, பின்கால்களைக் கொஞ்சம் கூடுதலாகச் சுமக்க வைப்பதுதான்.

அதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதுகெலும்பின் இருபுறமும் விரல் நுனிகளால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகைத் தாழ்த்தினாலோ காதைப் பின்னுக்கு மடக்கினாலோ அங்கே நோவு இருக்கிறது. சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, ஓரிடம் மட்டும் காய்ந்திருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இடறுவதற்குக் குளம்பின் முன்பகுதி நீண்டிருப்பதும் காரணமாகலாம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீர்செய்கிறீர்களா? கடிவாளம் படும் இடத்தில் பல் உரசுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ட்ராட்டில் ஒரே முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே தூக்கினால் அந்தக் கால் நொண்டுகிறது. அப்போது பயிற்சியை நிறுத்திக் கால்நடை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

வலி இல்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது உங்களைத்தான். ஒரு ஆண் குதிரையை நான் மாதக்கணக்கில் 'இடப்பக்கம் முரண்டு பிடிக்கிறது' என்று நினைத்துப் பயிற்றுவித்தேன். ஒருநாள் அங்கவடி (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) தொங்கும் வார்களைக் கழற்றி இரண்டையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டபோது இடது வார் ஒரு விரல் நீளம் கூடுதலாக இருந்தது. எப்போதும் இடப்பக்கமாகவே ஏறினால் அந்தத் தோல் நாளடைவில் நீண்டுவிடும். நான் கோணலாக உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாவத்தைக் குதிரைமேல் சுமத்தியிருக்கிறேன். இன்றைக்கே உங்கள் வார்களை அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள். ஏறுவதற்கு ஒரு மேடை வைத்துக்கொண்டால் வாருக்கும் நல்லது, குதிரையின் முதுகுக்கும் நல்லது.

அப்புறம், வலது கடிவாள வாரை இழுக்கும்போது உங்கள் வலது இடுப்பு மடங்குகிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கும் மடங்கும். இடுப்பு வலப்பக்கம் மடங்கினால் உட்காரும் பாரம் இடப்பக்கம் நழுவும். கை 'வலப்பக்கம் வா' என்கிறது, உடலோ 'இடப்பக்கம் போ' என்கிறது. பாவம், அது எதைக் கேட்கும்? பக்கவாட்டில் பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும்.

ட்ராட்டில் எழுந்து உட்காரும் தாளத்தையும் கவனியுங்கள். அந்த ஓட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் ஜோடியாக விழும். வலப்பக்க வட்டத்தில் இடது முன்தோள் முன்னே போகும்போது எழுந்து, அந்தக் கால் தரையில் ஊன்றும்போது உட்காருங்கள். நேர்ப்பாதையில் போகும்போது குதிரை தனக்கு வசதியான ஜோடிக்கே உங்களைத் தூக்கிப் போடும். நாமும் அறியாமல் அதிலேயே மைல் கணக்கில் போவோம், ஒரு பக்கத் தசை மட்டும் வளரும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை, இரண்டு தாளம் உட்கார்ந்தபடியே விட்டு, ஜோடியை மாற்றுங்கள்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு முளை அடித்து 10 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றி வந்து சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போடுங்கள். 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் கிடைக்கும். கோடு இல்லாமல் ஓட்டினால் குதிரை உள்ளே சாய்வது நம் கண்ணுக்கே தெரியாது. முதல் 10 நிமிடம் தளர்ந்த வாரில் வெறும் நடை. பிறகு இலகுவான இடப்பக்கம், அடுத்து வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். இறுக்கமான பக்கம் என்பதற்காக அதையே அரைமணி நேரம் போட்டு வாட்டாதீர்கள். தசை வலித்தால் இன்னும் இறுகும்.

வலப்பக்கம் உள்ளே சாயும்போது வலது வாரை இழுக்காமல், வலது காலை வயிற்று வாரின் (சேணத்தை வயிற்றோடு கட்டும் வார்) அருகே வைத்து விலாவை வெளியே தள்ளுங்கள். இடது வார் தோளை நிதானமாகப் பிடித்திருக்கட்டும். ஓர் அடி வெளியே நகர்ந்தாலும் அந்த நொடியே காலைத் தளர்த்துங்கள். அழுத்தம் விலகும் நேரத்தை வைத்துத்தான் அது கற்கிறது. நீங்கள் தாமதித்தால் எதற்கு விட்டீர்கள் என்று அதற்குப் புரியாது.

இதோடு நடை, நிறுத்தம், மறுபடி நடை என்று வட்டத்தில் அடிக்கடி மாற்றுங்கள். பின்கால்களை உடலின் அடியில் கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை. இரண்டாவது வாரத்தில் தரையில் ஒரு கட்டையைப் போட்டு ட்ராட்டில் தாண்டவிடுங்கள். பழகியபின் மூன்று, நான்கு கட்டைகள். இடைவெளி 1.2 முதல் 1.4 மீட்டர், உங்கள் குதிரையின் காலடி நீளத்துக்குத் தக்கபடி. கட்டை உருளக்கூடாது. உருட்டுக் கட்டையானால் இருபுறமும் முட்டுக்கொடுங்கள்.

எடையையும் பாருங்கள். ஓட்டுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. உங்கள் குதிரைக்கு அது 80 கிலோ.

மூன்று, நான்கு வாரம் கழித்து ஒரு சோதனை செய்யுங்கள். வலப்பக்க ட்ராட்டில் இருக்கும்போது வார்களை மெல்ல நழுவவிடுங்கள். வேகம் கூட்டாமல், கழுத்தை நீட்டித் தாழ்த்தி, கோட்டின் மேலேயே ஓடினால் பாரம் தோளைவிட்டு நகரத் தொடங்கிவிட்டது. விரைந்து உள்ளே சாய்ந்தால் இன்னும் இரண்டு வாரம் நடையிலேயே இருங்கள். இடறல் அப்போதும் நிற்காவிட்டால், குளம்பு சீர்செய்த தேதியையும் வியர்வைத் தடத்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.