லெபனான் ஊடகங்கள் சிரியர்களை ஏன் 'அகதி' என்று சொல்வதில்லை?

லெபனான் செய்திகளில் பாலஸ்தீனர் 'லாஜிஃ', அதாவது அகதி. 2011-இல் சிரியாவில் போர் தொடங்கிய பிறகு வந்த சிரியர் பெரும்பாலும் 'நாஸிஹ்', இடம்பெயர்ந்தவர். ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது அரசு பிடித்துக்கொண்ட சொல். ஊடகமும் அதையே எடுத்துக்கொண்டது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் லெபனான் சேரவில்லை. அகதி என்று ஒப்புக்கொண்டால் உரிமைப் பேச்சும் கூடவே வரும். 1948-இல் வந்த பாலஸ்தீனர்களின் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. சிரியர்களும் அப்படியே தங்கிவிடுவார்களோ என்ற பயம் வேறு. 'நாஸிஹ்' என்றால் நாளைக்கே ஊர் திரும்பிவிடுவார் என்கிற தொனி கிடைக்கிறது.

சரி, சொல் மட்டும்தானா? படமும்தான். ஜோர்டானில் சிரியர்களுக்காக 2012-இல் திறந்த ஸாத்தரி முகாமுக்குப் போன கேமராக்கள் முதலில் புழுதியையும் கூடாரத்தையும் அழும் குழந்தையையும்தான் தேடின. அங்கேயே கல்யாண உடை வாடகைக்குக் கிடைக்கும் கடைத்தெரு இருக்கிறது. பாரிஸின் ஷான்ஸெலிஸே வீதிப் பெயரில், டமாஸ்கஸைக் குறிக்கும் 'ஷாம்' என்ற சொல்லைக் கோத்து அந்தக் கடைத்தெருவை 'ஷாம் எலிஸே' என்கிறார்கள். நல்ல நக்கல்! அப்புறம் இதைப் பற்றியும் எழுதித் தள்ளினார்கள். 'சாதிக்கும் அகதி' என்று இன்னொரு வார்ப்பு உருவானது. வேலை அனுமதிக்கு அலையும் சாதாரண ஆளை இரண்டிலும் காணோம்.