ஆழ்கடல் மீனில் பூச்சிமருந்து: கர்ப்பிணி சாப்பிடலாமா?

கேள்வி: மகளுக்கு 5-ஆம் மாசம்ங்க டாக்டர். வாரம் ரெண்டு தடவை மீன் சாப்பிடுவா. ஆழ்கடல் மீன்ல பூச்சிமருந்து இருக்குதுன்னு மாப்பிள்ளை வீட்ல நிறுத்தச் சொல்றாங்க. மஞ்சத்தூள் போட்டுக் கழுவுனா போயிராதுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: கழுவினால் போகாதுங்க. ஆனால் மீனை நிறுத்தவும் வேண்டாம்.

மீனில் இருப்பதாகச் சொல்லும் பூச்சிமருந்து பெரும்பாலும் டிடிடிதான். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் ஒட்டும். சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில், பெரியதைத் தின்னும் இன்னும் பெரியதில் என்று சேர்ந்துகொண்டே போகும். நம் நாட்டில் அதை விவசாயத்தில் பயன்படுத்த 1989-இலேயே தடை வந்துவிட்டது. இருந்தும் கடலடி வண்டலில் பல பத்தாண்டுகள் கிடப்பதால் ஆழ்கடல் மீனில் இன்றும் தென்படுகிறது. தென்பட்டாலே நஞ்சு என்று ஆகிவிடாது, அளவுதான் முக்கியம்.

பெரிய, கொழுப்புள்ள மீன் வாங்கினால் தோலை உரித்து, வயிற்றோரக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் அரிந்துவிடச் சொல்லுங்கள். ஈரல், குடல், சினை வேண்டாம். கம்பி வலையில் சுட்டால் கொழுப்பு உருகிச் சொட்டிவிடும். குழம்பில் போட்டால் அது குழம்பிலேயே நிற்கும். மத்திக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. ஆயுள் குறைந்த மீன், சேர்வதும் குறைவு. அதன் கொழுப்பில்தான் குழந்தையின் மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 இருக்கிறது.

எனக்குக் கவலை பாதரசம்தான். அது சதையிலேயே இருக்கும், எப்படி அரிந்தாலும், எப்படிச் சமைத்தாலும் போகாது. பெரிய மீனில் அதுவும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் சுறா வேண்டவே வேண்டாம். பிரசவம் ஆனதும் பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுக்கத் தோன்றும், அதையும் தவிர்த்துவிடுங்கள். பெரிய வஞ்சிரம் எப்போதாவது ஒரு துண்டு போதும். மத்தி, நெத்திலி, அயிலை என்று மாற்றி மாற்றி வாரம் 225 முதல் 340 கிராம் வரை தாராளமாகக் கொடுக்கலாம். நன்றாக வெந்திருக்க வேண்டும். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையை நீங்களாக வாங்கித் தராதீர்கள். அதில் வைட்டமின் ஏ அதிகம், கருவுக்கு ஆகாது.

பிரசவத்துக்குப் பிறகு டிடிடிக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். உடம்பு இளைக்கப் பட்டினியும் கிடக்கக் கூடாது: கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் தங்கியிருப்பதும் பாலுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. வீட்டில் யாராவது மஞ்சள் காட்டுக்கோ வாழைக்கோ மருந்து அடிக்கிறார்களா? அந்தத் துணியை மகள் துவைக்கக் கூடாது, மருந்து கலக்கும் இடத்துக்கும் போகக் கூடாது. காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். மீனில் வருவதைவிட இந்த வழியில் பூச்சிமருந்து உடம்பில் அதிகமாக ஏறலாம்.