சீசனுக்கு முன்பே முக்கிய வீரருக்குக் காயம் என்றால் அந்தக் கல்லூரி அணி அவ்வளவுதானா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை (நம்மூர்க் கால்பந்து இல்லை, கையால் பந்தை எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) புதிதாகப் பார்க்க ஆரம்பித்திருக்கும் நீங்கள், ஆகஸ்ட் மாதப் பயிற்சி முகாமிலிருந்து வரும் காயச் செய்திகளையும் இடத்துக்கான போட்டிகளையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அடிபட்டவர் பெயரைப் பார்த்துக் கலங்குவதற்கு முன்னால், அடுத்த இடத்தில் இருப்பவருக்கு இதுவரை எவ்வளவு பயிற்சி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் குவாட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவருக்கு, முன்னால் அரணாக நிற்கும் ஐந்து பேரை, அதாவது லைனைப் பாருங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2014 சீசன். அதைப் பற்றி எத்தனை தடவை பேசினாலும் எனக்கு அலுக்காது.

அப்போது அணியின் குவாட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர். 2012, 2013 இரண்டு வருடமும் பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் தாக்குதல் ஆட்டத்துக்கான சிறந்த வீரர் விருது வாங்கியவர். 2014 ஜனவரியில் கிளெம்சன் அணியுடன் நடந்த ஆரஞ்ச் பௌல் என்ற சீசன் இறுதி ஆட்டத்தில் பந்து எறியும் தோளில் அடிபட்டு, அடுத்த மாதமே அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆகஸ்ட் 17-ஆம் தேதி வந்த ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் அணிக்கு 5-ஆம் இடம். மறுநாள் பயிற்சியில் மில்லர் சாதாரணமாக ஒரு சின்ன பாஸ் எறிந்தார். யாரும் வந்து மோதவில்லை. அந்த எறியிலேயே தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் லேப்ரம் என்ற குருத்தெலும்பு கிழிந்துபோனது. சீசன் முழுக்க அவர் இல்லை. நேவி என்ற அணியுடனான முதல் ஆட்டத்துக்கு 12 நாள்தான் பாக்கி.

அணியின் கதை முடிந்தது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிக்கவில்லை. அறுவை சிகிச்சையால் மில்லர் வசந்த காலப் பயிற்சியில் பந்து எறியவே இல்லை. அவர் எறிந்திருக்க வேண்டிய பந்துகள் எல்லாம் கார்டேல் ஜோன்ஸுக்கும் ஜே.டி. பாரெட்டுக்கும் போயின. ஒரு பயிற்சி நாளில் முதல் அணியோடு ஆடக் கிடைக்கும் வாய்ப்புகள் கொஞ்சம்தான். முதல் ஆள் நலமாக இருந்தால் பெரும்பாலும் அவரே எடுத்துக்கொள்வார். இரண்டாமவர் ஓரத்தில் நின்று பார்த்தே பாதிக் காலத்தை ஓட்டுவார். இங்கே மில்லரின் முதல் காயம்தான், இரண்டாவது காயத்துக்கு அணியைத் தயார் செய்து வைத்திருந்தது.

வசந்தத்தில் ஜோன்ஸ்தான் முந்தியிருந்தார். ஆகஸ்டில் பாரெட் அவரைத் தாண்டினார். பள்ளிக் கடைசி வருடத்தில் முழங்கால் தசைநார் கிழிந்து மீண்டுவந்த டெக்சஸ் பையன், அதுவரை ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடாதவர். நேவியை 34-17 என்று ஜெயித்தார்கள். அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் வர்ஜீனியா டெக்கிடம் 21-35 என்று தோற்றார்கள். பாரெட்டின் பந்தை எதிரணி மூன்று தடவை பறித்தது. அவரை ஏழு தடவை வீழ்த்தியது. தரவரிசை 22-க்குச் சரிந்தது. பழி முழுக்கப் பாரெட் தலையில்.

அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வர்ஜீனியா டெக், லைனின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் அவருக்கு இருபக்கமும் நிற்கும் இரண்டு கார்டுகளுக்கும் நேர் எதிரே ஆள் நிறுத்தி, பின்னால் கடைசிக் காவலுக்கு ஆள் வைக்காமலே ஏறி ஏறி வந்தது. அதைத் தடுக்க வேண்டிய ஐந்து பேரில் முந்தைய வருடம் தொடர்ந்து ஆடியவர் டெய்லர் டெக்கர் ஒருவர்தான். அவரும் வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு மாறியிருந்தார். மற்ற நாலு பேரும் புதுசு. கார்டாக ஆடிய பில்லி பிரைஸ் தடுப்பு அணியிலிருந்து மாற்றப்பட்டவர். முகாமில் எல்லாரும் மில்லரின் தோளையே பார்த்துக்கொண்டிருக்க, பெரிய ஓட்டை இங்கேதான் இருந்தது. நல்ல குவாட்டர்பேக் இரண்டு வாரத்தில் ஓரளவு தேறிவிடுவார். லைன் அப்படி இல்லை. பக்கத்தில் நிற்பவன் எப்போது நகர்வான், வருகிற ஆளை யாரிடம் ஒப்படைப்பான் என்பதெல்லாம் அதே ஐந்து பேர் சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும்.

வந்தது. நவம்பர் முடிவதற்குள் அந்த லைன் நாட்டிலேயே முரட்டு லைன்களில் ஒன்றாகிவிட்டது. மிஷிகனுடன் ஆடும்போது பாரெட்டின் கணுக்கால் முறிந்தது. ஆகஸ்ட் போட்டியில் தோற்றுப்போன ஜோன்ஸ், ஆட்டத்தைத் தொடங்கும் குவாட்டர்பேக்காக முதன்முறையாக பிக் டென் இறுதிப் போட்டியில் இறங்கினார். விஸ்கான்சின் அணி 59-0 என்று நொறுங்கியது. அடுத்து அலபாமா 42-35, ஆரிகன் 42-20. தேசிய சாம்பியன் பட்டம். அந்த மூன்று ஆட்டத்திலும் ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) இசக்கியேல் எலியட் ஓடியது 220, 230, 246 யார்டு. இதே எலியட்டுக்கும் அந்த ஆகஸ்டில் மணிக்கட்டு உடைந்து அறுவை சிகிச்சை நடந்தது; அப்படியும் முதல் ஆட்டத்திலேயே ஆடினார். அதனால் அறுவை சிகிச்சை என்ற வார்த்தையைப் பார்த்ததும் பதற வேண்டாம். எந்த இடத்தில் காயம், அந்த உறுப்பை வைத்து அவர் என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2015-இல் மில்லர், ஜோன்ஸ், பாரெட் மூவரும் திரும்பி வந்தார்கள். மில்லர் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டார். ஜோன்ஸா பாரெட்டா என்று முதல் ஆட்டம் வரைக்கும் கோச் அர்பன் மையர் வெளியே சொல்லவில்லை. ஜோன்ஸ் தொடங்கினார், நடுவில் பாரெட்டுக்கு மாற்றினார்கள். கடைசியில் மிஷிகன் ஸ்டேட்டிடம் 14-17 என்று தோற்றுப் பட்ட வாய்ப்பு போனது. இரண்டு பேரும் சரிசமம் என்று சீசன் பாதி வரைக்கும் இழுப்பது தாக்குதல் ஆட்டத்தின் தாளத்தையே கெடுக்கும் என்பது என் கருத்து.

இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. இடத்துக்கான போட்டியில் தோற்றவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். 2018-இல் கிளெம்சன் நாலு ஆட்டத்துக்குப் பிறகு டிரெவர் லாரன்ஸை முதல் ஆளாக்கியதும் கெல்லி பிரையன்ட் அணியை விட்டுப் போனார். அதே வாரம் சிரக்யூஸுடன் ஆடும்போது லாரன்ஸ் அடிபட்டு வெளியே. சேஸ் பிரைஸ் என்ற மாற்று வீரர் கடைசியில் 94 யார்டு கொண்டுபோய் 27-23 என்று ஜெயிக்க வைத்தார். அந்த அணி ஒரு ஆட்டமும் தோற்காமல் 15-0 என்று சாம்பியன் ஆனது. அன்று பிரைஸ் சொதப்பியிருந்தால் அந்தக் கணக்கே இல்லை. மூன்றாவது ஆள் யார் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

காயத் தகவல்களைப் பொறுத்தவரை, பிக் டென் 2023-இலிருந்தும் எஸ்.இ.சி. என்ற இன்னொரு கூட்டமைப்பு 2024-இலிருந்தும் யார் ஆட மாட்டார் என்ற பட்டியலை அணிகளிடம் கேட்டு வாங்கி வெளியிடுகின்றன. ஆனால் அது சீசன் தொடங்கிய பிறகு வருவது. ஆகஸ்டில் கோச் சொல்வதுதான் செய்தி, அவர்களும் முடிந்தவரை மூடித்தான் வைப்பார்கள். முதல் ஆட்டத்துக்கு முன் வரும் டெப்த் சார்ட்டில் (எந்த இடத்தில் யார் முதல் ஆள், யார் மாற்று என்ற பட்டியல்) இரண்டு பெயருக்கு நடுவே ‘அல்லது’ என்று போட்டிருப்பார்கள். ரன்னிங் பேக் இடத்தில் அப்படி இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள், இருவரும் எப்படியும் ஆடுவார்கள். குவாட்டர்பேக் இடத்தில் இருந்தால் ஒன்றிரண்டு வாரம் பொறுக்கலாம். சென்டர் இடத்திலோ, லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் இடத்திலோ இருந்தால் நான் கவலைப்படுவேன், அதுவும் இரண்டாவது வாரமே பெரிய அணியோடு ஆட்டம் இருந்தால் கண்டிப்பாக. நீங்கள் எந்த அணியைப் பார்க்கிறீர்கள் என்று சொல்லவில்லையே? கீழே சொல்லுங்கள், அந்த அணியின் லைனை உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.