ஹப்பில் உள்ள எண் எதைச் சொல்லும்?

வாசகர் கேள்விகள் – பழைய மூன்று கியர் சைக்கிள்

சுங்கை சிப்புட்டில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய ஆங்கிலேய சைக்கிள்களைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கடிதங்களை ஆசிரியர் அனுப்பி வைத்தார். பாதிக்கு மேல் "இது எந்த வருஷத்து வண்டி?" என்ற கேள்விதான். அதில் ஒன்றுக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் அது உதவும்.

கேள்வி: என் தாத்தா பீடோர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். அவருடைய ராலே சைக்கிள் எங்களிடம் இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் காட்டுக்குள் மறைத்து வைத்துக் காப்பாற்றியதாக வீட்டில் சொல்வார்கள். ஆனால் பின்சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் "ஏ.டபிள்யூ. 51 10" என்று குத்தியிருக்கிறது. அப்படியென்றால் கதை பொய்யா ஐயா? (பீடோர் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுத் தாத்தாவைப் பொய்யராக்கி விடாதீர்கள் தம்பி. 51 என்பது 1951, 10 என்பது அக்டோபர். அந்த ஹப்பின் ஓடு நாட்டிங்காமில் ஸ்டர்மி ஆர்ச்சர் தொழிற்சாலையில் 1951 அக்டோபரில் செய்யப்பட்டது. அவ்வளவுதான் அந்த எண் சொல்கிறது. சைக்கிளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

ஏ.டபிள்யூ. என்ற அந்த மூன்று கியர் ஹப் 1936ல் வந்தது. போருக்கு முந்தையதில் வருஷத்தின் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். 8 என்றால் 1938. பிறகு இரண்டு இலக்கமும், கூடவே மாதமும் குத்த ஆரம்பித்தார்கள். சைக்கிளின் வயசைத் தேடும் எல்லோரும் முதலில் அங்கேதான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் ஒரு சைக்கிளில் முதலில் தேய்ந்து, வளைந்து, மாற்றப்படுவது பின்சக்கரம்தான். ஆளும் சாமானும் அதன் மேல்தான். செம்மண் பாதை, வேர் தட்டும் ஒற்றையடி, மழைக்காலச் சேறு எல்லாவற்றையும் அதுதான் தாங்கியது. அம்பதுகளில் தோட்டத்துக் கிராணி ஒருவர் தேய்ந்துபோன பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூன்று கியர் சக்கரம் போட்டுக்கொண்டார் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வண்டியின் மற்ற பாகங்கள் ஹப்போடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். முதலில் சக்கரக் கம்பிகளை எண்ணுங்கள். இங்கிலாந்து சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 என்பது வழக்கம். உங்கள் வண்டியில் அப்படியே இருந்து, இரண்டு ரிம்மும் ஒரே மாதிரி, குரோமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் சக்கரங்கள் இரண்டும் கூடவே பிறந்தவையாக இருக்கலாம். முன்னால் 32 இருந்து பின்னால் 36 இருந்தால், அல்லது ஒரு ரிம் பளபளவென்றும் இன்னொன்று துருவேறியும் இருந்தால், பின்சக்கரம் பிற்பாடு வந்திருக்கலாம்.

அடுத்தது கியர் லீவர். ஹேண்டலில் விரலால் தட்டும் சின்ன டிரிகர் 1938ல்தான் வந்தது. அதற்கு முன்னால் சீட்டுக்குக் கிட்டே மேல்குழாயில் பட்டைப் பூட்டு போட்டு, கால்வட்ட வடிவில் ஒரு லீவர் இருக்கும். உங்கள் வண்டியில் இப்போது டிரிகர் இருந்தாலும், மேல்குழாயை நல்ல வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். சுற்றிவர ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்ட் அமுங்கியோ, சுற்றியுள்ள கறுப்பைவிட ஆழ்ந்த கறுப்பாகவோ ஒரு வளையம் தெரிந்தால் அங்கே ஏதோ ஒரு பூட்டு பல வருஷம் இருந்திருக்கிறது. வெயில் படாத பெயிண்ட் அப்படித்தான் இருக்கும். அந்த வளையம் கிடைத்தால் உங்கள் தாத்தா பக்கம் வழக்கு பலப்படுகிறது. கிடைக்காவிட்டாலும் தோற்றுவிடவில்லை; வண்டி முதலில் கியர் இல்லாமலே வந்திருக்கலாம்.

சீட் குழாயின் மேல்முனையில், குழாய்களைச் சேர்க்கும் லக் மேல் உள்ள எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்லும் யாரையும் நம்ப வேண்டாம். ராலே எண் வரிசையைப் பல முறை மாற்றியிருக்கிறது. பழைய லைசன்ஸ் தகடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை எக்காரணம் கொண்டும் பிடுங்காதீர்கள். அதிலுள்ள வருஷத்தில் வண்டி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. செய்த வருஷம் வேறு, ஓடிய வருஷம் வேறு.

ஜப்பான்காரன் கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவிலும் தென் தாய்லாந்திலும் இறங்கிய படையில் பலர் தீபகற்பத்தில் சைக்கிளிலேயே தெற்கே வந்தார்கள். வழியில் கண்ட சைக்கிள்களையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள். சைக்கிளை ஒளித்து வைத்த வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். கதையில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. மேலே சொன்னவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள், என்ன தெரிகிறதோ அதைச் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டாவது கியரில் மேடேறும்போது திடீரென்று பெடல் காலியாகச் சுற்றுகிறது. ஹப்பைப் பிரிக்க வேண்டுமா? (கூலிம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா, முதலில் கேபிளைப் பாருங்கள். இந்த மூன்று கியர் ஹப்பில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எந்தக் கியரும் பிடிக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தால் போதும், இரண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்த வெற்றிடத்தில் மிதிப்பீர்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது நடந்தால் மேல்குழாயில் விழ நேரும். சரி செய்யும் வரை உட்கார்ந்தே மிதியுங்கள்.

லீவரை இரண்டாவது கியரில் வையுங்கள். வலது பக்க அச்சு நட்டில் ஒரு துளை இருக்கும், அதன் வழியே உள்ளே பாருங்கள். சின்னச் சங்கிலி ஒரு கம்பியில் கோத்திருக்கும். அந்தக் கம்பியின் தோள், அச்சின் முனையோடு சரியாகச் சமமாக நிற்க வேண்டும். உள்ளே அமுங்கியிருந்தால் கேபிள் தளர்ச்சி, வெளியே நீட்டியிருந்தால் இறுக்கம். கேபிளில் உள்ள திருகைத் திருப்பிச் சமம் செய்துவிட்டுப் பூட்டு நட்டை இறுக்குங்கள். முன்னதாக அந்தச் சங்கிலி கடைசிவரை திருகப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுக்க உள்ளே திருகி, கேபிளுக்கு நேராக வர எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், அதிகம் போனால் அரைச் சுற்று, பின்னால் திருப்புங்கள்.

இதற்கும் சரியாகவில்லை என்றால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகிப் பால்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பால் என்றால் பல்லில் மாட்டும் சின்னக் கொக்கிகள். கொண்டியென்றும் எங்கள் பட்டறையில் சொல்வோம். ஓட்டில் இருக்கும் எண்ணெய் மூடியைத் திறந்து கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றி, ஒரு பக்கம் சாய்த்து வடியவிடுங்கள். அழுக்கு வருவது நிற்கும் வரை செய்துவிட்டு, 20 நம்பர் மோட்டார் எண்ணெய் ஒரு தேக்கரண்டி விட்டால் போதும். பிறகு மாதத்துக்குச் சில சொட்டு. தடித்த கிரீஸ் எடுத்து உள்ளே அடைக்க வேண்டாம், கொக்கிகள் எழும்பாது. தேங்காயெண்ணெயும் வேண்டாம். அறுபது, எழுபது வருஷம் ஓடிய ஹப்புகள் இப்படி எண்ணெய் மட்டும் கேட்டுக்கொண்டு இன்னமும் ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன்.

கேள்வி: 28 அங்குல டயர் கேட்டால் கடைக்காரர் இரண்டு விதம் எடுத்துப் போடுகிறார். எது? (தெலுக் இந்தான் வாசகர்)

பதில்: இரும்புக் கம்பி பிரேக் உள்ள பெரிய சைக்கிள் என்றால் 28 × 1½, டயரில் 40-635 என்று இருப்பது. 622 என்று இருந்தால் அது வேறு ரிம்முக்கு. 26 அங்குல வண்டிக்கு 26 × 1⅜, அதாவது 37-590. 26 × 1¼ என்பது 597, பார்க்க ஒன்று போலவே இருக்கும், சேராது. இந்த எண்களைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இன்னொன்று: குரோம் ரிம் மழையில் நனைந்தால் பிரேக் உடனே பிடிக்காது. பிற்பகல் மழை நேரத்தில் முன்கூட்டியே அழுத்திப் பழகுங்கள்.

கேள்வி: கிராங்க் (பெடல் மாட்டிய கை) ஒவ்வொரு சுற்றிலும் "டக்" என்கிறது. அதை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைச் சுத்தியால் அடித்தும் வெளியே வரவில்லை. (சுங்கை பட்டாணி வாசகர்)

பதில்: இனிமேல் அடிக்காதீர்கள். காட்டர் பின்னின் முனை காளான் போல விரிந்துவிட்டால் வேலை இரண்டு மடங்காகும். நட்டைக் கழற்றி, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற வையுங்கள். கிராங்க்குக்கு அடியில், பின்னின் தலைப்பக்கம், தரை வரை ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடியெல்லாம் உள்ளே இருக்கும் குண்டுகளுக்கும் அவை உருளும் கப்புக்கும் போகும். புதுப் பின் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோங்கள். ராலே வகையறாவுக்கு 9.5 மில்லிமீட்டர். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 9 மில்லிமீட்டர் பின் அதில் ஆடிக்கொண்டே இருக்கும், கிராங்க்கின் துளையையும் தின்றுவிடும். அடியில் உள்ள கப்பையும் மாற்ற நினைத்தால் ஜாக்கிரதை: ராலேயில் அங்கே மரை அங்குலத்துக்கு 26, மற்ற வண்டிகளில் 24. ஒன்று மற்றதில் ஏறாது, ஏற்ற முயன்றால் பிரேம் கெடும்.

கேள்வி: "ஹெர்குலிஸ்" வில்லையுள்ள சைக்கிளை இங்கிலாந்து வண்டி என்று விற்கிறார். ஆனால் வில்லையில் இந்தியா என்று எழுதியிருக்கிறது. (பினாங்கு வாசகர்)

பதில்: வில்லையில் எழுதியிருப்பதை நம்புங்கள். ஹெர்குலிஸ் பர்மிங்காம் கம்பெனி. ஆனால் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் இந்தியாவின் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949ல் ஒரு கம்பெனி தொடங்கின, சென்னை அம்பத்தூரில் உள்ள அதன் தொழிற்சாலையில் ஹெர்குலிஸ் செய்தார்கள். நல்ல வண்டிதான், தாராளமாக வாங்கலாம். இங்கிலாந்து வண்டியின் விலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா பால்மரம் வெட்டப் போன சைக்கிள். அவர் போய்விட்டார். பஹாவ் பட்டணத்தில் பெயிண்ட் கழற்றிப் பவுடர் கோட்டிங் போட்டு, குரோமும் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். வீட்டு முன்னறையில் வைக்க ஆசை. செய்யலாமா? (பஹாவ் வாசகி)

பதில்: செய்யாதீர்கள் அம்மா. உங்களை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு முறை கழற்றிய பெயிண்டை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. நீங்கள் அனுப்பிய படத்தை உற்றுப் பார்த்தேன். பின் கேரியரின் இரண்டு பக்கமும் பெயிண்ட் தேய்ந்து வெள்ளை இரும்பு தெரிகிறது. பால் தோம்பு மாட்டிய கொக்கி ஆடி ஆடித் தேய்த்த இடம் அது. மேல்குழாயில் இடது பக்கம் மட்டும் கறுப்பு போயிருக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அவருடைய கால்சட்டை உரசிய இடம். பவுடர் கோட்டிங் இவை எல்லாவற்றையும் மூடிவிடும். மணல் வீசித் துரு எடுப்பவர்கள் சைக்கிளின் தலைக்குழாயில் உள்ள வில்லையையும், தங்கக் கோடுகளையும், சீட் குழாயின் எழுத்துகளையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள்.

இதைச் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து துணியால் துடையுங்கள். எழுத்தும் கோடும் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் படக்கூடாது. காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் பாலைக் கத்தியால் சுரண்டாமல் கட்டை விரலால் உருட்டி எடுங்கள், சுருண்டு வந்துவிடும். குரோமில் உள்ள துருவுக்கு, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். இரும்புச் சாமான்களைக் கழற்றி எடுக்க முடிந்தால் ஆக்ஸாலிக் அமிலத்தில் ஊற வைக்கலாம், துரு மட்டும் கரையும். ஆனால் அது விஷம், கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் செய்து, பிறகு சோடா மாவுத் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். கடைசியில் எல்லா இடத்திலும் மெழுகுப் பாலிஷ் மெல்லிசாகப் பூசுங்கள். கறுப்பு அப்படியே ஆழமாகத் தெரியும்.

சீட் தோல் காய்ந்து வெடித்திருந்தால் அதில் உட்கார வேண்டாம், ஆனால் கழற்றி எறியவும் வேண்டாம். வேறு சீட் மாட்டி ஓட்டலாம். ஆம், ஓட்டுங்கள். டயர், டியூப், பிரேக் கட்டை, எண்ணெய் – இந்த நான்குக்கும் அதிகம் செலவாகாது. பெயிண்ட் வேலைக்கு என்று ஒதுக்கிய பணத்தில் இரண்டு சக்கரத்தையும் நேராக்கி, கம்பிகளை இறுக்கி, குண்டுகளை மாற்றிவிடலாம். ஹேண்டல் பூட்டு திருகாமல் அடம்பிடித்தால் அடித்து உடைக்காமல் வண்டியை இங்கே ஏற்றி அனுப்புங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

கேள்வி: "முப்பதுகளின் ஹம்பர்" என்று ஒருவர் விற்கிறார். எப்படி உறுதி செய்வது? (சிரம்பான் வாசகர்)

பதில்: முன்போர்க்கின் இரண்டு பக்கமும் இரட்டைக் குழாய் இருக்கிறதா, பெடல் சக்கரத்துக்குள் ஐந்து மனித உருவங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் ஹம்பர் என்பது உறுதி. ஆனால் முப்பதுகளா என்பதற்கு அது போதாது. ராலே 1932ல் ஹம்பர் சைக்கிளை வாங்கிய பின்னும் அந்தப் போர்க்கும் சக்கரமும் நெடுங்காலம் தொடர்ந்து வந்தன. பின்ஹப் எண்ணை எழுதிக்கொண்டு, முதல் கேள்விக்குச் சொன்னபடி கம்பி எண்ணி, மேல்குழாயில் லீவர் வளையம் தேடுங்கள். விற்பவர் துணி போட்டுத் துடைக்க விடாவிட்டால் வாங்க வேண்டாம்.