ஜிவ்ரே காய் மேல பூத்திருக்கே, அது என்னண்ணே?

கேள்வி: ஆசிரியருக்கு வணக்கம். ரீயூனியன் தீவுல சேன் பியேர் சனிக்கிழமை சந்தையில 22 வருஷமா வனிலா கடை போட்டிருக்கேன். எங்க அக்கா மகன் லிசேல (மேல்நிலைப் பள்ளி) கடைசி வருஷம், கெமிஸ்ட்ரி பைத்தியம். ஞாயித்துக்கிழமை ஆனா அவனும் கூட்டாளிங்க நாலு பேரும் எங்க வீட்டு கராஜ்ல உக்காந்துகிட்டு சின்னச் சின்ன பாட்டிலா திறந்து மோந்து பாத்து 'எனக்கு இதுதான் ஃபேவரிட்'னு சண்டை போடுறாங்க. ஒருத்தனுக்கு டொலுயீனாம், ஒருத்தனுக்கு ஈத்தராம், இன்னொருத்தன் தலைவலித் தைலம் மாதிரி என்னமோ வச்சிருக்கான். போன வாரம் இவன் ஒரு கிராம் வெள்ளைப் பொடியை என் மூக்குக்கு நேரா நீட்டி 'மாமா, உங்க கடை மொத்தமும் இதுக்குள்ள இருக்கு'ங்கிறான். கெமிக்கல் மோந்து பாக்குறதெல்லாம் ஒரு பொழுதுபோக்கா? நம்ம இயற்கை வாசனை எங்க, இந்த ரசாயன நாத்தம் எங்க? அவனுக்கு நறுக்குன்னு நாலு வார்த்தை எழுதுங்க.
பேர் வேண்டாம், சேன் பியேர்

பதில்: எழுதுறேன் அண்ணே, ஆனா அந்த நாலுல முதல் ரெண்டு உங்களுக்கு.

உங்க கடையில கண்ணாடிக் குழாய்க்குள்ள தனியா வச்சு, மத்த காயை விட ஜாஸ்தி விலைக்கு விப்பீங்களே ஜிவ்ரே காய், உடம்பு முழுக்க வெள்ளை வெள்ளையா ஊசி பூத்திருக்குமே, வர்ற டூரிஸ்ட்டுங்க பூஞ்சைன்னு பயந்தா 'இல்ல மதாம், இதுதான் ஒஸ்தி'ன்னு காட்டுவீங்களே, அது என்னன்னு நெனச்சீங்க? வனிலின். காய்க்குள்ளேர்ந்து தானா கசிஞ்சு மேல வந்து படிகமா உறைஞ்சு நிக்கிற வனிலின், உங்க மருமான் பாட்டில்ல வச்சிருக்கானே அதே மூலக்கூறு. அவன் கராஜ்ல செஞ்சா ரசாயன நாத்தம், உங்க பெட்டிக்குள்ள தானா நடந்தா ஒஸ்தியா? அவன் பொடியைப் பாத்து மூக்கைப் பொத்துற ஆளு ஜிவ்ரேவுக்கு எக்ஸ்ட்ரா காசு வாங்கக் கூடாது, சொல்லிட்டேன்.

பச்சைக் காயை மோந்து பாருங்க, ஒரு வாசனையும் இருக்காது, அதை நான் சொல்லித் தரணும்னு இல்ல, உங்களுக்கே தெரியும். வனிலின் அப்ப சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு மறைஞ்சு கெடக்கும். நீங்க 65 டிகிரி வெந்நீர்ல மூணு நிமிஷம் முக்கி எடுத்து, கம்பளியில சுத்தி வேர்க்க வச்சு, வெயில்ல காட்டி, மரப்பெட்டியில மாசக்கணக்கா தூங்க வைக்கிறீங்களே, அத்தனையும் அந்த ஒட்டை வெட்டி விடறதுக்குத்தான், என்ஸைம் பண்ற வேலை. அதாவது நீங்களும் ஒரு கெமிஸ்ட்ரிக்காரர்தான், 22 வருஷமா, கோட்டு மட்டும் போடல.

சாமி ரூம்ல ஏத்துற கற்பூரம் எங்கேர்ந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க. மரத்துலேர்ந்து மட்டுமே எடுக்குற காலம் எப்பவோ மலையேறிடுச்சு, இன்னைக்கு கடையில கிடைக்கிறதுல பெரும்பங்கு பைன் மரத்து டர்ப்பன்டைன் எண்ணெயை ஃபேக்டரியில மாத்திப் பண்ணது. கற்பூரம் ஏத்தி கண்ணுல ஒத்திக்கிட்டு திரும்பி வந்து 'கெமிக்கல் நாத்தம்'னா, சாமியே சிரிச்சிடும். மல்லிப்பூவும் அப்படித்தான். அந்த கிறக்கத்துக்குப் பின்னாடி இன்டோல்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, அதை தனியா கெட்டியா பாட்டில்ல மோந்தா பாச்சா உருண்டையும் கக்கூஸும் கலந்த மாதிரி இருக்கும் (மலத்துலயும் அதே இன்டோல் இருக்கு, சாப்புடற நேரத்துல படிக்கிறவங்க மன்னிக்கணும்), ஆயிரத்துல ஒரு பங்கா கரைச்சா பூ வாசனை எட்டிப் பாக்கும்.

இப்ப தம்பிக்கு. நீ இந்தப் பக்கத்தை படிப்பேன்னு தெரியும், மாமா கண்டிப்பா மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு.

உன் பொடியை நான் கொறை சொல்லல. 1858ல கோப்ளேன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு வனிலா காயிலேர்ந்து அதைத் தனியா பிரிச்செடுத்தாரு, 1874ல டீமானும் ஹார்மானும் ஜெர்மனியில பைன் மரத்துச் சாறுலேர்ந்து செஞ்சு காட்டிட்டாங்க, இன்னைக்கு உலகம் தின்னு தீக்குற வனிலின்ல காயிலேர்ந்து வர்றது ஒரு சதவீதம் கூட கிடையாது. ஆனா 'கடை மொத்தமும் இதுக்குள்ள'ன்னது வாய்க்கொழுப்பு. நல்லா பதப்படுத்தின காயில வனிலின் எடையில ஏறக்குறைய ரெண்டு சதவீதம்தான், அதோட கூட இருநூறுக்கு மேல வேற வாசனைச் சரக்கு இருக்கு, புகை மாதிரி ஒண்ணு, சோம்பு மாதிரி ஒண்ணு, உலர்ந்த பழம் மாதிரி ஒண்ணு, அதுல பலதும் துளியூண்டுதான் இருக்கும் ஆனா அது இல்லேன்னா வாசனை தட்டையா ஒரு பல்லவியையே திரும்பத் திரும்ப பாடுற பாட்டு மாதிரி ஆயிடும். ப்யூர்னா உசத்திங்கிறது லேபிள்காரன் கணக்கு, மூக்குக்கு அந்தக் கணக்கு புரியாது. நம்பலேன்னா ஒரு பந்தயம், வெட்டிவேர் வாசனையை ஒரே ஒரு மூலக்கூறா பாட்டில்ல அடைச்சுக் கொண்டா. முடியாது. அந்த எண்ணெய்ல நூத்துக்கும் மேல சரக்கு பின்னிக்கிட்டு கெடக்கு, பெரிய பெரிய சென்ட் கம்பெனிங்களே இன்னைக்கும் வேரை வடிச்ச எண்ணெயைத்தான் வாங்குறாங்க. வெட்டிவேர்ங்கிறது நம்ம தமிழ் வார்த்தை, பிரெஞ்சுக்காரன் வெத்திவேர்னு அப்படியே எடுத்துக்கிட்டான், லிசே வாத்தியாருக்கு சொல்லு, சந்தோஷப்படுவாரு.

அப்படின்னா தனி மூலக்கூறை மோந்து பாக்குறதுல ருசியே இல்லையான்னா, இருக்கு, நிறைய இருக்கு, அதனாலதான் நான் உங்க மாமா கட்சியில சேரல. காரைக்கால்ல காலேஜ் படிக்கிறப்ப லேப்ல ஐசோஅமைல் ஆல்கஹாலையும் அசிட்டிக் ஆசிடையும் சேத்து ரெண்டு சொட்டு சல்ஃப்யூரிக் விட்டு சூடு பண்ணினோம், பத்து நிமிஷத்துல வராண்டா பூரா வாழைப்பழம், பியூன் வந்து எங்கடா தாரு மறைச்சு வச்சிருக்கீங்கன்னு பெஞ்சுக்கடியில தேடினாரு. அந்த ஐசோஅமைல் அசிட்டேட் இன்னமும் எனக்கு ஒண்ணாம் நம்பர். (தேனீ கொட்டுறப்ப மத்த தேனீயை 'வாங்கடா'ன்னு கூப்புடறதும் அதே சரக்குதான், அதைக் கையில பூசிக்கிட்டு தேன்பெட்டி பக்கம் போகாதே.) அடுத்தது கார்வோன். எழுதினா ஒரே ஃபார்முலா, ஒரே கட்டமைப்பு, ஆனா ஒண்ணு இடக்கை இன்னொண்ணு வலக்கை மாதிரி கண்ணாடி பிம்பம், ஒண்ணு சூயிங்கம்ல வர்ற புதினா வாசனை, மத்தது சதகுப்பை. ரெண்டையும் ஒரு பேப்பர்ல ஒண்ணு ஒண்ணா தொட்டு அம்மாகிட்ட நீட்டு, இது ரெண்டும் ஒண்ணுதான்னா நம்பவே மாட்டாங்க. மழை விழுந்ததும் மண்ணு மணக்குதே, அதுல ஜியோஸ்மின்னு ஒண்ணு, ஒரு லட்சம் கோடியில சில பங்கு இருந்தாலே நம்ம மூக்கு புடிச்சிடும். இதெல்லாம் மோந்து சண்டை போடுங்க, ஒரு நாள் என்னையும் கூப்புடுங்க.

எனக்கு வயித்தைக் கலக்குறது டொலுயீனும் ஈத்தரும் தான். மூக்குக்கு வாசனை தெரியும், விஷம் தெரியாது. பாதாம் எசென்ஸ் மாதிரி மணக்குற பென்சால்டிஹைடு இருக்கு, கேக்குல போடுறது, கிட்டத்தட்ட அதே மாதிரி மணக்குற நைட்ரோபென்சீனும் இருக்கு, போன நூத்தாண்டுக்கு முந்தி அதை மிர்பேன் எண்ணெய்ங்கிற பேர்ல சோப்புக்கு வாசனையா போட்டாங்க, தோல் வழியாவே உள்ள போயி ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏறாம பண்ணி உதடு நீலம் பாஞ்சிடும். கூமரின்னு ஒண்ணு, புதுசா அறுத்துக் காயப்போட்ட புல்லு வாசனை, சென்ட்காரங்க உயிரையே விடுவாங்க அதுக்கு. அதே புல்லு வாசனைதான்னு சொல்லுவாங்க ஃபாஸ்ஜீனுக்கும், முதல் உலகப்போர்ல ஆளைக் கொன்ன வாயு, மோந்த அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல தண்ணி கட்டும். அது போர்க்கள சரக்குதானேன்னு நெனைக்காதே, பழைய குளோரோஃபார்ம் பாட்டில் வெளிச்சத்துலயும் காத்துலயும் கெடந்தா உள்ள ஃபாஸ்ஜீன் உண்டாகும், அதுக்காகத்தான் கம்பெனிக்காரன் கொஞ்சம் ஆல்கஹால் கலந்து விக்கிறான். அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் மோசம், பத்து லட்சத்துல நூறு பங்கு தாண்டினா மூக்கையே மரத்துப்போக வச்சிடும், நாத்தம் நின்னுடுச்சுன்னு நாம நிம்மதியாவோம்.

டொலுயீன் (பெயின்ட் தின்னர்ல இருக்குற சரக்கு) பிரியர் யாருன்னு தெரியல, அவன்கிட்ட சொல்லு, அந்த வாசனை புடிக்குதுன்னா அதுல பாதி மூளை மயங்குற சொகம், பெயின்ட் தின்னர் உறிஞ்சிக் கெட்டுப்போன பசங்க எந்த ஊர்லயும் இருக்காங்க. தைலக்காரன் வச்சிருக்கிறது மெத்தில் சாலிசிலேட்டா இருக்கும், மோந்தா தப்பில்ல, ஆனா சுத்தமான சரக்கு ஒரு டீஸ்பூன் வயித்துக்குள்ள போனா இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல முழுங்கின கணக்கு, வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா அது மிட்டாய் மாதிரி மணக்குறதே ஆபத்து.

பெரிய ஆளுங்களும் இந்த ஆட்டம் ஆடியிருக்காங்க, தப்பிச்சவங்க பேரை மட்டும்தான் நாம கொண்டாடுறோம். 1847 நவம்பர் 4 ராத்திரி எடின்பரோவுல சிம்ப்ஸன்ங்கிற டாக்டரு ரெண்டு உதவி டாக்டருங்களைக் கூட வச்சுக்கிட்டு சாப்பாட்டு மேசையில ஒவ்வொண்ணா மோந்துக்கிட்டே வந்தாரு, குளோரோஃபார்ம் வந்ததும் ஒரே சிரிப்பு, ஒரே பேச்சு, அப்புறம் மூணு பேரும் தரையில. எழுந்திரிச்சாங்க, மயக்க மருந்து கெடச்சுது. ஸ்வீடன்ல ஷீலே குளோரினையும் ஹைட்ரஜன் சயனைடையும் முதல்ல பிரிச்சவரு, கெடச்சதையெல்லாம் மோந்து நாக்குல வச்சுப் பாக்குற பழக்கம், 1786ல 43 வயசுல போயிட்டாரு.

அதனால பாட்டில் வாயில மூக்கை வைக்காதே. நான் ஒரு தடவை அமோனியா பாட்டில்ல அப்படி வச்சு பின்னாடி இருந்த ஸ்டூலோட விழுந்தவன், மூணு நாள் சோத்துல ருசி தெரியல. சென்ட் கடையில கொடுப்பாங்களே நீளமா காகிதத் துண்டு, அது மாதிரி வெட்டி வச்சுக்கோ, மோந்தா ஆபத்தில்லேன்னு தெரிஞ்ச சரக்கை மட்டும் எத்தனாலுக்குள்ள நூத்துல ஒரு பங்கா கரைச்சு நுனியில தொட்டு, எத்தனால் பறந்ததும், தள்ளிப் புடிச்சு கையால விசிறி இழு. கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும். இன்டோல் கதை முன்னாடியே சொன்னேன், கரைச்சாத்தான் நல்ல வாசனையே வரும், கெட்டியா மோந்து பாத்தவன் பாதிதான் மோந்திருக்கான்.

மறுபடி அண்ணனுக்கு ஒரு சங்கதி. பசங்க எதையோ நோண்டுறாங்கன்னு அலுத்துக்காதீங்க. நீங்க விக்குற காய் இந்தத் தீவுல காய்க்குதுன்னா அது 1841ல சேன்த் சூசான்ல 12 வயசு அடிமைப் பையன் எத்மோன் பூவை நோண்டினதால, வனிலாவுக்கு சொந்த ஊர் மெக்சிகோ, அங்க அந்தப் பூவுல மகரந்தம் சேக்குற தேனீ இங்க கிடையாது, பெரிய பெரிய தோட்டக்காரனெல்லாம் கொடியை வளத்துட்டு காய் இல்லாம முழிச்சுக்கிட்டு நின்னப்ப அவன் ஒரு சின்னக் குச்சியால உள்ள இருக்குற ஜவ்வைத் தூக்கி விரலால அமுக்கிக் காட்டினான். அடிமைத்தனம் ஒழிஞ்ச 1848ல அல்பியுஸ்னு குடும்பப் பேர் குடுத்தாங்க, காசு யாரும் குடுக்கல, 1880ல ஏழையாவே செத்தான்.

ஞாயித்துக்கிழமை ஜிவ்ரே காய் ஒண்ணை எடுத்துக்கிட்டு நீங்களும் கராஜுக்குப் போங்க. ஒரு பக்கம் காய், ஒரு பக்கம் பொடி, அஞ்சு பேரையும் கண்ணை மூடச் சொல்லி நீட்டுங்க, யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்கு எழுதுங்க. அதுக்கு முன்னாடி அந்த ஈத்தர் பாட்டில் மேல தேதி இருக்கான்னு தம்பியைப் பாக்கச் சொல்லுங்க. பழசாயிட்டா அதுல பெராக்சைடு சேந்து மூடியைத் திருகினாலே வெடிக்கும். தேதி இல்ல, இல்லேன்னா மூடி ஓரத்துல வெள்ளையா படிகம் தெரியுதுன்னா யாரும் தொடவேண்டாம், கராஜைப் பூட்டிட்டு 18க்கு (தீயணைப்புப் படை) போன் போடுங்க. அந்த வெள்ளை ஜிவ்ரே இல்ல.