எல்லாவற்றிலும் கை வைக்கலாமா?

கேள்வி: சிறுகதை, நாவல், விமர்சனம் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் எழுதினால் எதிலும் ஆழம் இருக்காது என்கிறார் என் அண்ணன். உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இல்லவே இல்லை, தங்கச்சி. நம் பினாங்கிலேயே வாழ்ந்த ரெ.கார்த்திகேசுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் கெடா மாநிலத்தில் பிறந்து, வானொலியில் வேலை பார்த்து, அப்புறம் இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அதற்கிடையிலேயே சிறுகதை, நாவல், விமர்சனம் எல்லாம் எழுதினார். 2016-இல் மறையும்வரை ஓயவில்லை.

வானொலியில் கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, சொல்வது ஒரே மூச்சில் புரிந்தாக வேண்டும். அவர் கதைகளில் சுற்றி வளைக்காத நடை அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. 'அந்திம காலம்' நாவலை நான் ஃபெர்ரியில் வைத்துப் படித்தேன். புற்றுநோய் வந்த ஒருவரின் கதை. படகுத்துறையில் எல்லோரும் இறங்கிப் போனபிறகும் புத்தகத்தை மூட மனம் வராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனிடம் முதலில் அந்த நாவலைக் கொடுங்கள். விமர்சனக் கட்டுரைகளை அப்புறம் கொடுக்கலாம்.