டோபோலினோ: சின்னக் கார் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

1936-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 500 காரை, அதாவது டோபோலினோவைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: அப்போதைய இத்தாலிய சர்வாதிகாரி முசோலினி உத்தரவு போட்டுத்தான் இது வந்ததா?

5,000 லிராவுக்கு (லிரா அன்றைய இத்தாலிய நாணயம்) ஒரு கார் வேண்டும் என்று அவர் ஃபியட் அதிபர் ஜொவான்னி அன்யெல்லியிடம் கேட்டது உண்மை. ஆனால் கேட்டவுடன் கார் வந்துவிடவில்லை. லார்தோனே என்ற பொறியாளர் முதலில் செய்த முன்சக்கர இயக்கக் கார் (இன்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றும் வகை), சோதனை ஓட்டத்தில் அன்யெல்லியே உள்ளே உட்கார்ந்திருந்தபோது தீப்பிடித்தது. லார்தோனேவுக்கு வேலை போனது, முன்சக்கர இயக்கம் என்ற பேச்சே கூடாது என்றாகிவிட்டது. அப்புறம் 1934-இல் அந்தப் பொறுப்பு தாந்தே ஜாகோசாவிடம் வந்தது. அப்போது அவருக்கு 29 வயதுதான், விமான இன்ஜின் பிரிவில் இருந்தவர்.

கேள்வி: சின்ன இன்ஜின் போட்டால் விலை தானாகக் குறையாதா, இதில் என்ன சாமர்த்தியம்?

எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். 569 சிசி, நான்கு சிலிண்டர், 13 குதிரைத்திறன். அந்த இன்ஜினை முன் அச்சுக்கும் முன்னால் தள்ளி, ரேடியேட்டரை அதற்குப் பின்னால் உயரத்தில் வைத்தார் ஜாகோசா. சூடான நீர் தானாகவே மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், ஆகவே தண்ணீர் பம்ப் வேண்டாம். பெட்ரோல் டேங்கும் உயரத்தில் இருந்ததால் எரிபொருள் தானே வடிந்து வரும், அதற்கும் பம்ப் கிடையாது. முன்பக்கம் தாழ்ந்து சரிந்ததால் சாலை நன்றாகத் தெரியும், இன்ஜின் முன்னால் போனதால் காலை நீட்டவும் இடம் கிடைத்தது. இவ்வளவு சிக்கனத்திலும் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள், அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

கேள்வி: கடைசியில் 5,000 லிராவுக்குக் கொடுத்தார்களா?

இல்லை, 8,900 லிரா. 1932-இல் வந்த ஃபியட் 508 பலில்லாவின் விலை 10,800. அதைவிடக் குறைவுதான், ஆனாலும் சாதாரணத் தொழிலாளிக்கு எட்டாத தொகை.

கேள்வி: டோபோலினோவில் இரண்டு சீட்தானே, அதைக் குடும்பக் கார் என்று சொல்லலாமா?

நியாயமான கேள்வி. குடும்பத்துக்கென்றே செய்தது பலில்லாதான். ஆனால் டோபோலினோ வாங்கியவர்கள் சீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் பிள்ளைகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். அந்தப் பாரம் தாங்காமல்தான் ஃபியட் பிறகு பின் ஸ்பிரிங்கையே நீளமாக மாற்றியது.

கேள்வி: பெயருக்கு அர்த்தம்?

சுண்டெலி. மிக்கி மவுஸுக்கு இத்தாலியில் அதுதான் பெயர்.

கேள்வி: நம் ஊர் பிரீமியர் பத்மினிக்கும் இதற்கும் சொந்தம் உண்டா?

டோபோலினோ வழியில் இல்லை, பலில்லா வழியில் உண்டு. 1937-இல் பலில்லாவின் அடுத்த வடிவமான 508 சி வந்தது, அதற்கு 1,089 சிசி இன்ஜின். ஃபியட் 1100 வரிசை அதிலிருந்து வளர்ந்ததுதான், பத்மினி அந்த வரிசையில் பிறந்தது. பத்மினி வைத்திருப்பவர்கள் பழைய கையேட்டைத் திறந்து பாருங்கள், அதே 1,089 சிசி இருக்கும்.